பத்தொன்பது புள்ளியும் ஒரு வரியும்

தன் பியருக்கு ஐம்பதுக்குப் பத்தொன்பது என்பதைப் பேரின்பநாதன் பொறுத்திருப்பார். நாக்கு ஆளுக்கு ஆள் மாறும். அவரால் பொறுக்க முடியாமல் போனது போட்டி நடுவரின் தாளின் அடியில் நீல மையால் எழுதியிருந்த ஒரு வரி: 'மருந்து நெடி, புகை. கருவிகளை ஒழுங்காகக் கழுவவும்.'

இருபத்திரண்டு வருடமாகக் கழுவுவதையே தொழிலாகக் கொண்ட மனிதரைப் பார்த்துக் கழுவு என்று எழுதியிருந்தார்கள். அதுவும் ஒளிவுமறைவாக இல்லை. லொங்குய்யில் பியருக்கான மோல்ற் தானியம் விற்கிற கடையொன்றின் பின்னறையில், மற்றப் பதினொரு தாள்களோடு சேர்த்துச் சுவரில் குத்தியிருந்தார்கள். வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மத்தியானம் அங்கேதான் கூடும். வருகிறவர் போகிறவரெல்லாம் கிளாசைக் கையில் பிடித்தபடி அந்தத் தாள்களை வாசித்தார்கள். அடுத்த கூட்டம் வரைக்கும் அவை அந்தச் சுவரில்தான் இருக்கும்.

மொன்ட்ரியாலுக்கு வந்த புதிதில் அவர் ஓர் உணவகத்தில் ஐந்து வருடம் கோப்பை கழுவினார். அதன் பிறகு பால் தொழிற்சாலையில், பால் நிரப்பும் பெரிய தாங்கிகளைக் கழுவும் வேலை கிடைத்தது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கையேடு பிரெஞ்சில் இருந்தது. அகராதியை மடியில் வைத்து வாசித்தார். முதலில் வெறுந்தண்ணீர், பிறகு காரம், பிறகு தண்ணீர், பிறகு அமிலம், திரும்பவும் தண்ணீர், கடைசியில் கிருமிநீக்கி. ஒன்றுக்குரிய நிமிடத்தை இன்னொன்றிலிருந்து பிடுங்கக் கூடாது. தாங்கி காய்ந்த பிறகு டோர்ச் லைற்றோடு தலையை உள்ளே விடுவார். பாற்படிவு மெல்லிய வெள்ளைத் திரைபோல நிற்கும். வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். ஓர் உள்ளங்கை அகலம் கண்டாலும் முழுவதையும் தொடக்கத்திலிருந்து கழுவுவார். பிரெஞ்சுக்காரர்களின் வாயில் நாதன் 'நதான்' ஆனார். 'நதான் விட்ட தாங்கி' என்றால் ஆய்வுகூடத்துப் பெண்கள் பார்க்காமலே கையெழுத்து வைப்பார்கள் என்று தொழிற்சாலையில் ஒரு பகிடி உண்டு. அவர்கள் அப்படிச் செய்வதில்லை. செய்தால் அவரே விடமாட்டார்.

சங்கத்துக்கு அவர் போனதும் கழுவப் போய்த்தான். தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த மார்செல் வீட்டில் காய்ச்சிய பியர் நாலுதரம் தொடர்ந்து புளித்துப் போனது. ஈஸ்ற்றை மாற்றிப் பார்த்தான், மோல்ற்றை மாற்றிப் பார்த்தான். ஒருநாள் பேரின்பநாதனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவர் ஒன்றையும் ருசி பார்க்கவில்லை. நேரே போய்ப் புளிக்கவிடும் வாளியின் குழாயைத் திருகிக் கழற்றினார். உள்ளே சாம்பல் நிறத்தில் சளி.

"இதைக் கழற்றலாமோ?" என்றான் மார்செல். ஆறு வருடமாகக் காய்ச்சுகிறவன்.

அந்தக் கதை சங்கத்தில் பரவியது. இவனுடைய குழாய், அவனுடைய ரியூப் என்று பார்க்கப் போய், கடைசியில் பேரின்பநாதனும் ஒரு பெரிய பானை வாங்கினார். காய்ச்சுவது எண்பது வீதம் கழுவுவதுதான் என்று கண்டதும் அவருக்கு அந்த வேலை பிடித்துப்போனது. குடிப்பதென்னவோ ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கிளாஸ்.

அவருடைய மனைவி யோகராணி ஒரு 'கார்டறி' என்கிற பிள்ளைகள் காப்பகத்தில், ஐம்பது சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர். மொன்ட்ரியால்-நோரில் அவர்கள் இருக்கும் வாடகை வீட்டின் பேஸ்மென்றை அவர் புருஷனுக்கு விட்டுக்கொடுத்தது சில நிபந்தனைகளோடு. பியர்ச் சாமான் ஒன்றும் குசினிக்குள் வரக்கூடாது. கந்தசஷ்டி ஆறு நாளும் எந்த மூடியும் திறபடக்கூடாது. மணம் சாமியறைக்கு ஏறக்கூடாது. முதல் இரண்டையும் காப்பாற்றுவது சுகம்.

இந்த வின்ரரில் சங்கம் ஒரு போட்டி வைத்தது. இதுவரை பியரில் ஒருவரும் போடாத ஒரு பொருளை அவரவர் குசினியிலிருந்து எடுத்துப் போட வேண்டும். போட்டியை நடத்திய மெலனி என்ற பெண் சொன்னபோதே ஒருவர் வெள்ளரிக்காய் என்றார், ஒருவர் பீற்றூட் என்றார், கடலை வெண்ணெய் என்றும் ஒரு குரல் கேட்டது. பேரின்பநாதன் வீட்டுக்கு வந்து யோகராணியின் போத்தலொன்றைத் திறந்தார்.

"என்னப்பா, என்ர வேப்பம்பூ குறைஞ்சு கிடக்கு?"

"நாப்பது கிராம்தான் எடுத்தனான்."

"வடகத்துக்கு வைச்சிருந்ததைக் கொண்டுபோய் வெள்ளைக்காரருக்குக் கரைச்சுக் குடுக்கப் போறியளோ?"

"பியரெண்டால் கசக்கத்தானே வேணும்."

"அப்ப பாவற்காய் என்ன பாவம் செய்தது? அதையும் போடுங்கோவன்."

அவர் அவசரப்படவில்லை. ஒரு லீற்றர் கொதிநீருக்கு ஒரு கிராம், இரண்டு, மூன்று, நாலு என்று தனித்தனியாக ஊறவைத்து, ஆறவிட்டு, ருசித்து, கொப்பியில் எழுதினார். மூன்று கிராமில் கசப்பு நாக்கின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தது. இரண்டில், கசப்பு போன பிறகு தேன்போல ஒரு வாசம் நின்றது. இரண்டுதான் என்று கீழே கோடு போட்டார். போட்டிக்கு, வழக்கமாகக் கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூவைப் போடாமல், வெறும் வேப்பம்பூவின் கசப்பிலே ஒரு வெளிறிய பியர்.

காய்ச்சியது ஒரு வெள்ளிக்கிழமை. அவருக்கு லீவு நாள். முதல்நாள் பின்னேரமே எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி டோர்ச் அடித்துப் பார்த்திருந்தார். குழாய்த்தண்ணீரின் குளோரின் போகும்படி மருந்து போட்டு வைத்திருந்தார். இருபது லீற்றர் காய்ச்சி இறக்கி, செம்புச் சுருளைப் பானைக்குள் விட்டுக் குளிரவைத்தார். ஆறியதும் நாலு லீற்றரை வேப்பம்பூச் சாறு கலக்காமல் ஒரு கண்ணாடிச் சாடியில் தனியே பிரித்து வைத்தார். அது தொழிற்சாலைப் பழக்கம். எந்தப் பாலும் வெளியே போகுமுன் அதில் ஒரு போத்தல் உள்ளே நிற்கும். நாளைக்கு எவனாவது முறைப்பாடு சொன்னால் எடுத்துக் காட்டுவதற்கு.

முறைப்பாடு வந்தது. 'கழுவவும்' என்று வந்தது.

அன்றைக்கு அவர் லொங்குய்யிலிருந்து மெற்றோவில் திரும்பியபோது, பெரி ஸ்ரேசனில் பிழையான ரயிலில் மாறி ஏறி இரண்டு ஸ்ரேசன் தாண்டிப் போய்விட்டார். எழுதிய நடுவரை அவருக்குத் தெரியும். றெஜான், முப்பது வருடம் பியர் காய்ச்சுகிறவர், போன வருடம் தன்னுடைய ரியூபைக் கொண்டுவந்து 'நதான், இதில் என்ன பிழை?' என்று கேட்டவர். யாருடைய பியர் எதுவென்று தெரியாமல் இலக்கம் போட்டுத்தான் ருசித்தார்கள், அது சரி. ஆனால் பெயர் தெரிந்த பிறகும் அந்த வரி சுவரில் நின்றதே. சிரித்தபடி "எல்லாருக்கும் வாறதுதான்" என்று தோளில் தட்டினாரே. அந்தத் தட்டு இன்னும் தோளில் ஊர்ந்தது.

யோகராணிக்கு அவரைவிடக் கொதி வந்தது.

"உங்களையோ? நான் கழுவி வைச்ச கோப்பையையே திரும்ப எடுத்துக் கழுவிற மனிசன் நீங்கள். முப்பது வருசமா அதுக்கு நான் உங்களோட சண்டை பிடிக்கிறன். அந்தாளை ஒருக்கா இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் கதைக்கிறன்!"

"நீ கதைக்க வேண்டாம். போத்தல் கதைக்கும்."

அந்த மாதம் முழுக்க அவர் நித்திரை குறைந்த ஆள்போலத் திரிந்தார். தொழிற்சாலையில் தாங்கிக்குள் தலையை விடும்போதெல்லாம் அந்த நீல மை தெரிந்தது. எதற்கும் என்று வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் கடைசித் திருகுவரை கழற்றினார். ஒரு புள்ளி இல்லை. பேஸ்மென்றில் நின்று, தனியே வைத்திருந்த வேப்பம்பூ இல்லாத பியரில் ஒரு போத்தல் திறந்து மணந்தார், குடித்தார். சுத்தம். அப்படியென்றால் றெஜான் மருந்து என்று சொன்னது வேப்பம்பூவை. தெரியாத வாசத்தை ஊத்தை என்று எழுதியிருக்கிறார். இரண்டு போத்தலையும் பக்கத்தில் வைத்து அந்த ஆளையே குடிக்க வைப்பது. வைத்து, அந்த வரியை அவருடைய கையாலேயே வெட்ட வைப்பது. புள்ளி வேண்டாம். வரி போக வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகிற வழியில் மகள் வீட்டில் இறங்கினார். சாருஜா லொங்குய் மெற்றோவுக்குப் பக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்றில் இருக்கிறாள். காப்புறுதிக் கந்தோரில் வேலை, வீட்டை விட்டு வந்து இரண்டு வருடம். சோற்றைப் போட்டுக்கொடுத்துவிட்டு, தகப்பன் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு வேப்பம்பூ இல்லாத போத்தலைத் திறந்து மூக்கருகில் பிடித்தாள். அவளுடைய முகத்தில் சிரிப்பு வந்தது.

"அப்பா, இது வெள்ளிக்கிழமை மணக்குது."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"எங்கட வீட்டு வெள்ளிக்கிழமை. சாம்பிராணி. வடிவா மணக்குது, உங்களுக்குத் தெரியேல்லையோ?"

அவர் போத்தலைப் பறித்து மணந்தார். பேஸ்மென்றில் இல்லாத ஒன்று இந்த அறையில் இருந்தது. கரியும் பிசினும் கலந்த ஒரு மெல்லிய நெடி. முப்பது வருடமாக அதற்குள்ளேயே மூச்சு விட்டவருக்கு அந்த வீட்டில் அது காற்று. சாம்பிராணி காட்டாத இந்த வீட்டில்தான் அது மணமாக நின்றது. வேப்பம்பூ போடாத போத்தலிலும் அது இருந்தது என்றால், பழி வேப்பம்பூவில் இல்லை.

அவர் தொழிற்சாலையில் செய்கிறதுபோல அந்த நாளைப் பின்பக்கமாக நடந்து பார்த்தார். சாடி, வாளி, ரியூப், பானை. குளிரவைத்தபோது பானை. சுருளின் இரண்டு நுனியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் மூடி சரியாக மூடாது. அந்த நேரம் பனி அள்ளும் வண்டிக்காரரின் சைரன் தெருவில் கேட்டது. கார் பிழையான பக்கத்தில் நின்றது. இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஜக்கெற்றைக்கூடப் பூட்டாமல் ஓடினார். வேறு இடம் பிடித்து நிறுத்திவிட்டு வர இருபத்தைந்து நிமிடம்.

கைபேசியை எடுத்தார்.

"இஞ்சேர், நான் பியர் காய்ச்சின அண்டைக்கு, காரை மாத்தப் போன நேரம், நீ கீழ இறங்கினனியோ?"

"இறங்காமல்? உங்கட உலை மணம் சாமியறை மட்டும் வந்திட்டுது. வெள்ளிக்கிழமையும் அதுவுமா. ரெண்டு கப் சாம்பிராணி கொளுத்திக்கொண்டு போய் வடிவா மூலை மூலையாக் காட்டிப்போட்டு வந்தனான். புகை அலாரத்தின்ர பற்றரியையும் கழற்றிப்போட்டுத்தான் போனனான், நான் என்ன விசரியே?"

"பானைக்குப் பக்கத்திலயும் காட்டினியோ?"

"பானையிலயிருந்துதானே மணம் வந்தது! அதுக்குத்தான் கூடக் காட்டினனான்."

சாருஜா வாயைப் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் போனாள். பேரின்பநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவியில் கோபம், சைரனில் கோபம், தன்னுடைய மூக்கில் எல்லாவற்றையும்விடக் கோபம்.

"ஏன், என்ன நடந்தது?" என்றது கைபேசி. "சாம்பிராணியை ஊத்தை எண்டே சொல்லுறான் அந்தாள்? அவனுக்கு மூக்கு இருக்கோ?"

கூட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. அவர் கொண்டுவந்த அத்தாட்சி அவருக்கே எதிராகத் திரும்பி நின்றது. வீட்டுக்குத் திரும்பலாம்; ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் திரும்பினால் அந்த வரி உண்மையாகிவிடும். புகை என்று றெஜான் எழுதியது சரி. கழுவவில்லை என்று எழுதியது பொய். பாதி சரியான தாளில் மீதிப் பொய்யை விட்டுவைக்க அவருக்கு மனம் இல்லை.

"பிள்ளை, உன்னட்டைச் சாம்பிராணி இருக்கோ?"

"அம்மா தந்துவிட்ட பெட்டி அப்பிடியே கிடக்கு. கொளுத்தினால் அலாரம் அடிச்சு இந்தக் கட்டடம் முழுக்க வெளியில வந்து நிக்கும்."

ஒரு கப்பைக் கடதாசியில் சுற்றிப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு போனார்.

பின்னறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர் நேரே சுவருக்குப் போய், குண்டூசியைக் கழற்றி, தாளை எடுத்து றெஜானின் முன் வைத்தார். பிரெஞ்சில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"இந்த வரியைப் பற்றிக் கதைக்க வந்தனான்."

"நதான், நீர் கோவிக்காதையும்," என்றார் றெஜான். "மருந்து நெடியெண்டால் ஒண்டில் தண்ணியில குளோரின், இல்லாட்டில் ஊத்தை. முப்பது வருசமா எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

"மூண்டாவதும் ஒண்டு இருக்கு. வெளியில வாரும்."

கடையின் பின்வாசலில் பனி முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அதன் மேலே ஒரு தகர மூடியை வைத்து, மூடிக்குள் கப்பை வைத்துக் கொளுத்தினார். புகை நிமிர்ந்து எழும்பியது. றெஜான் குனிந்து மணந்தார். பேரின்பநாதன் வேப்பம்பூ இல்லாத போத்தலிலிருந்து ஊற்றிய கிளாசை நீட்டினார். றெஜான் அதை மணந்தார். திரும்பப் புகைக்குக் குனிந்தார். அவருடைய நரைத்த மீசையில் பனி ஒட்டியிருந்தது.

"அதேதான்," என்றார்.

"இது நாங்கள் சாமிக்குக் காட்டிறது. வீட்டைச் சுத்தமாக்கிறதுக்குக் காட்டிறது. பானை ஆறேக்கை மூடி திறந்திருந்தது. நான் வெளியில. என்ர மனிசி கீழ இறங்கிக் காட்டியிருக்கிறா. பிழை என்ர. ஊத்தை என்ர இல்லை."

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மார்செல்தான் முதலில் கைதட்டினான். மெலனி தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, கிளாசை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"கோயில் சாம்பிராணிப் பியர்! நதான், இதுவரைக்கும் ஒருத்தரும் போடாத சாமான் இதுதான்! நாங்கள் திரும்ப ருசிக்கலாம். நீர் வேப்பம்பூ எண்டு எழுதினதை மாத்தி இதை எழுதும். பரிசே மாறலாம்."

இரண்டு மூன்று குரல்கள் ஓம் ஓம் என்றன. வெள்ளரிக்காய் போட்டுப் பரிசு எடுத்தவர்கூடத் தலையாட்டினார்.

பேரின்பநாதனுக்கு அப்போதுதான் உண்மையான கொதி ஏறியது. ஒரு மாதமாக அவரைத் தின்றது இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"நான் போடாத சாமானுக்கு எனக்குப் பரிசோ?" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. "பாலுக்குள்ள பிழையா ஏதும் விழுந்தால் நாங்கள் அதைப் புதுப் பாலெண்டு விக்கிறேல்லை. தாங்கியோட கொட்டுறம். இது விழுந்தது. நான் போட்டது வேப்பம்பூ, லீற்றருக்கு ரெண்டு கிராம். அதுக்குப் பத்தொன்பது எண்டால் பத்தொன்பது. அந்தச் சாம்பிராணி என்ர வீட்டுச் சாமிக்கு. உங்கட போட்டிக்கு இல்லை."

மெலனி கிளாசைப் பனிமேல் வைத்துவிட்டாள். தகர மூடிக்குள் கப் அணைந்துகொண்டிருந்தது.

"ஆனால் மூடி திறந்திருந்ததுதானே," என்றார் றெஜான் கடைசியில். "அதுவும் பிழைதான்."

"ஓம். அதை எழுதும். மூடி திறந்திருந்தது எண்டு எழுதும். கழுவேல்லை எண்டு எழுதாதையும்."

றெஜான் சட்டைப்பையில் நீலப் பேனையைத் தேடினார். குளிரில் மை வரவில்லை. உள்ளே போய், மேசையில் தாளை வைத்து, 'கருவிகளை ஒழுங்காகக் கழுவவும்' என்பதன் மேல் இரண்டு கோடு இழுத்தார். கீழே எழுதினார்: 'ஆறும்போது பானையை மூடவும்.' ஒரு கணம் யோசித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் வைத்தார். பேரின்பநாதன் வாசித்தார், இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு தாமே தாளை அதே குண்டூசியால் அதே இடத்தில் குத்திவிட்டு, ஜக்கெற்றைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். புள்ளி பத்தொன்பதாகவே நின்றது.

வீட்டில் யோகராணி கதவைத் திறக்கும்போதே கேட்டார். "வரியை வெட்டினவனோ?"

"வெட்டினவன்."

"சாம்பிராணியைப் பற்றி என்ன சொன்னவங்கள்?"

"பரிசு தரப் பாத்தவங்கள்."

"பேந்து?"

"வேண்டாம் எண்டிட்டன்."

யோகராணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "குடிக்கிற சாமானுக்குள்ள சாமியின்ர சாமானோ? நல்லது செய்தியள்," என்றவர், குசினிக்குள் போகிற போக்கில், "எண்டாலும் மூடியை நீங்கள்தான் மூடியிருக்க வேணும். என்னில பிழை இல்லை," என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் அவர் பேஸ்மென்றில் ஒரு புது மூடியை மடியில் வைத்து, சுருளின் இரண்டு நுனியும் நுழைகிற அளவுக்கு இரண்டு துளை போட்டார். முதல் துளை அரை மில்லிமீற்றர் பெரிதாகப் போய்விட்டது. அந்த மூடியை எறிந்துவிட்டு இன்னொன்று எடுத்தார்.

இரண்டு வெள்ளி கழித்து அவர் திரும்பவும் வேப்பம்பூப் பியர் காய்ச்சினார். போட்டி முடிந்துவிட்டது, இது அவருக்காக. பானை குளிர்ந்துகொண்டிருந்தபோது மாடிப்படியின் மேலிருந்து கரி மணம் வந்தது. கையில் சாம்பிராணித் தட்டோடு யோகராணி நின்றார்.

"மூடியாச்சோ?"

அவர் துளைகளைச் சுற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சத்தைச் சரித்தும் பார்த்தார்.

"பொறு," என்றார். "இன்னொருக்காப் பாக்கிறன்."